தேனீக்களுக்குச் சொன்ன சாவுச் செய்தி

ஹெஸ்டர் பாப்ஜாய் ஒன்றை நினைத்துவிட்டால் அப்புறம் அவளை அசைக்க ஆள் கிடையாது. எங்கள் ஹாரோகூம்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள் அவள். முட்டைக்கோஸை மிச்சம் வைத்த பிள்ளை அதைத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஒருமுறை பாதிரியாரின் மகன் மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஹெஸ்டரும் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய், விளக்கு வைக்கும் நேரமும் ஆனது. கடைசியில் பையன்தான் தின்றான்.

அப்படிப்பட்டவள் பக்கத்து வீட்டு எனோக் டக்கெட்டோடு பதினொரு வருடமாகப் பேசாமல் இருந்தாள். எல்லாம் ஒரு கேக்கினால் வந்த வினை. ஊர்க் கண்காட்சியில் தேன் கேக் போட்டிக்கு எனோக்தான் நடுவர். ஊரில் தேனீ வளர்க்கிறவர் அவர் ஒருவர்தானே. ஹெஸ்டரின் கேக்கில் ஒரு துண்டைக் கடித்தார், மென்றார், ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, "இஞ்சியப் போட்டுத் தேனை அமுக்கிட்டா" என்றார். பரிசு வேறு யாருக்கோ போனது. அதுவரை ஹெஸ்டர், எனோக் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து மிசஸ் பாப்ஜாய், மிஸ்டர் டக்கெட் ஆகிவிட்டார்கள். அவள் புருஷனை இழந்தவள், அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு வேலி. "மிஸ்டர் டக்கெட், உங்க கூரை ஓடு ஒண்ணு என் தோட்டத்துல கெடக்கு." சொல்லியே தீரவேண்டிய இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் வாய் திறப்பார்கள், அவ்வளவுதான்.

அறுபத்து மூன்றாம் வருடத்துப் பனியை எங்கள் ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழ ஆரம்பித்தது, மார்ச் வரை தரையையே காட்டவில்லை. வேலியோரத்துச் சின்னக் குருவிகள் விறைத்து விறைத்து விழுந்தன. ஜனவரியில் எனோக்குக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், டிராக்டர் வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவரைப் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெலிபோன் கம்பி அறுந்து கிடந்ததால் அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் காலை கோயில் மணி துக்கத்துக்கு அடித்தது. ஹெஸ்டர் கரண்டியைப் பிடித்தபடியே நின்று எண்ணினாள். முதலில் மும்மூன்றாக மூன்று தடவை, அப்படியானால் ஆண். அப்புறம் வயதுக்கு ஒன்றாக நிதானமாக அடித்துக்கொண்டே போய், எழுபத்து நான்கில் நின்றது. எங்கள் ஊரில் எழுபத்து நான்கு வயது ஆண் எனோக் டக்கெட் ஒருவர்தான்.

கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினொரு வருடம் முகம் கொடுத்துப் பேசாத மனிதருக்காக இப்படி அழுவது அவளுக்கே ஆத்திரமாக இருந்தது. எதிர் ஜன்னலில் தினம் எரிகிற அந்த ஒரு விளக்கு இனி எரியாது என்று நினைத்ததும் இன்னும் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள், ஏனென்றால் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும்.

வளர்க்கிறவர் செத்தால் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு கூட்டை விட்டுப் போய்விடும், இல்லை சுருண்டு செத்துவிடும். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று எங்களைக் கேட்டால் சிரிப்போம். ஆனால் சொல்லாமல் விட்ட வீடு ஒன்றும் எனக்குத் தெரிந்து இல்லை. எனோக்குக்கு ஊரில் சொந்தம் கிடையாது. பிரிஸ்டலில் தங்கை மகள் பெரில் ஒருத்தி இருந்தாள், அவளோ ஈயைக் கண்டாலே அலறுகிறவள். ஹெஸ்டர் தன் பழைய கறுப்புப் பாவாடையை நாடா நாடாவாகக் கிழித்தாள். முழங்கால் பனியில் மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டு போய், பூந்தொட்டிக்கு அடியிலிருந்த எனோக்கின் வீட்டுச் சாவியை எடுத்தாள். தோட்டத்துக் கோடியில் ஐந்து மரப்பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் தலையணை கனத்துக்குப் பனி. ஒவ்வொன்றிலும் சாவியால் மூன்று தட்டு தட்டி, குனிந்து சொன்னாள்.

"உங்க எஜமானர் செத்துட்டார். இனிமே ஹெஸ்டர் பாப்ஜாய்தான் உங்களப் பாத்துக்குவா. எங்கயும் போயிடாதீங்க."

அடுத்த ஆள் பெயரைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. வேறு பெயர் இல்லாததால் தன் பெயரைச் சொன்னாள். கறுப்பு நாடாவைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, உருளைக்கிழங்கை வேகவைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ரொட்டி வாங்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. செத்தது மேட்டுப் பண்ணைக் கிழவர் ஹெக்ஸ்ட். அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஹெஸ்டர் அங்கிருந்து நேராக மணி அடிக்கிற சிட் கோல்ஸின் கொட்டகைக்குப் போனாள்.

"சிட், ஹெக்ஸ்டுக்கு எழுபத்தெட்டு. நீ எத்தன அடிச்ச?"

"எழுபத்தெட்டுதான்."

"எழுபத்து நாலு."

சிட் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குளிருல கை மரத்துப் போச்சு ஹெஸ்டர். நடுவுல எண்ணிக்கை விட்டுப்போச்சு. மனுஷன் போய்ச் சேந்தாச்சு, நாலு கூடினா என்ன, கொறஞ்சா என்னன்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? உன் நாலுல நான் ஒரு ஆளையே கொன்னுட்டு வந்திருக்கேன்."

சொல்லியிருக்கக் கூடாது. சிட்டின் வாய் ஓட்டை வாய். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? தபால்காரன் அவளைக் கண்டால் தன் மணிக்கட்டை நீட்டி, "நாடி பாத்துக்க ஹெஸ்டர், இருக்கேன்" என்பான். மதுக்கடைக்காரர் இருமினால், "மெதுவா இருமு, ஹெஸ்டர் காதுல விழுந்தா தேனீக்குச் சொல்லிருவா" என்று பத்துப் பேர் சிரிப்பார்கள். ஹெஸ்டர் காதில் வாங்காத மாதிரியே நடப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உடைகிற மாதிரி கழுவுவாள். நாடாவை அவிழ்க்கவும் அவளுக்குக் கை வரவில்லை. சாவைச் சொல்லத்தான் முறை உண்டு, சொன்னதைத் திருப்பி வாங்க எந்த முறையும் யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் முதல் வாரம் ஒரு காலையில் கூரைகள் சொட்ட ஆரம்பித்தன. இரண்டு நாளில் தெரு ஓடையானது, ஓடை ஆறானது, பாலம் தண்ணீருக்குள் போனது. கல்லறைத் தோட்டத்தில் பனிக்குக் கீழேயே பூத்துக் காத்திருந்த ஸ்னோடிராப் பூக்கள் வெள்ளையாகத் தலை காட்டின. எல்ம் மர உச்சியில் காக்கைகள் ஒன்றின் குச்சியை ஒன்று திருடிக் கூடு கட்டின. வெள்ளம் கொஞ்சம் வடிந்து சின்ன வண்டி மட்டும் வரலாம் என்றானதும், பெரில் தன் காரில் எனோக்கைக் கொண்டுவந்து இறக்கினாள். ஹெஸ்டர் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேல் ஜன்னல் திறந்தது. பாதியாக இளைத்த முகம் ஒன்று தோட்டத்தைப் பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது.

"மிசஸ் பாப்ஜாய்."

"மிஸ்டர் டக்கெட்."

"என் கூட்டுலல்லாம் கறுப்புத் துணி கட்டியிருக்கு."

"ஆமா."

"யாரு செத்தா?"

"நீங்கதான்."

எனோக் கொஞ்சம் யோசித்தார். "எப்போ?"

"போன மாசக் கடைசியில."

"எனக்கு யாரும் சொல்லலயே."

ஹெஸ்டர் மணி அடித்த கதையைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, தன் பெயரைச் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். எனோக்கின் முகம் சிவந்தது. "போய் அவுத்துப் போட்டுட்டு, நான் சாகலன்னு அதுங்ககிட்டச் சொல்லு."

"மாட்டேன்."

"என்னது?"

"ஒரு தடவ பொய் சொன்னவளாயிட்டேன். மறுபடி நானே போய், 'இல்ல, இருக்கார்'னு சொன்னா எந்தத் தேனீ நம்பும்? நீங்க எந்திரிச்சு வந்து அதுங்க முன்னால நில்லுங்க. அப்ப சொல்றேன்."

"டாக்டர் ரெண்டு வாரத்துக்கு வாசப்படி தாண்டக் கூடாதுன்னிருக்கார்."

"அப்ப அது வரைக்கும் நீங்க செத்தவர்தான்."

ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது.

பெரில் வெளியே வந்தாள். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் கிடையாது. "மாமாவ இனிமே தனியா விட முடியாது மிசஸ் பாப்ஜாய். என் வீட்ல ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன். இன்னைக்கே வாங்கன்னா கேக்க மாட்டேங்கிறார். தேனீ பொழச்சிருந்தா இங்கயே இருப்பேன், செத்துப்போயிருந்தா எனக்கு இங்க என்ன வேலை, வரேன்கிறார். ரெண்டு வாரம் கழிச்சு அன்னையர் ஞாயிறுக்கு மறுபடி வருவேன், அது வரைக்கும் நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க. அன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

ஹெஸ்டரின் பார்வை தோட்டத்துக் கோடிப் பெட்டிகள் மேல் போனது. தேனீ செத்தால் ஊர் என்ன சொல்லும் என்பது கிடக்கட்டும். பொய்ச் சாவைச் சொல்லித் தேனீயைக் கொன்று, அதனாலேயே அந்த மனிதரை ஊரைவிட்டு அனுப்பினாள் என்று ஆகிவிடும். அந்த ஜன்னலை இருட்டாகப் பார்க்கத் தன்னால் முடியாது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், வாய்விட்டே சொன்னாள்.

பெரிலின் கார் போனதும் வேலியைத் தாண்டிப் போய் ஒவ்வொரு பெட்டியிலும் காதை ஒட்டவைத்துத் தட்டினாள். மூன்று பெட்டிகளில் சத்தமே இல்லை. நாலாவதில் தூரத்தில் கெட்டில் கொதிக்கிற மாதிரி ஒரு முனகல். ஐந்தாவதில் அதைவிடச் சன்னமாக ஒன்று. பின்பக்கம் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தால் இரண்டும் காலிப் பெட்டி மாதிரி எழும்பின. உள்ளே தேன் தீர்ந்துவிட்டது. ஓடையோரத்து வில்லோ மரம் பூக்க இன்னும் நாளாகும், அது வரை இவை தாங்காது.

அன்று சாயங்காலமே சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி, காகிதத்தில் வில்லை வில்லையாக ஊற்றி ஆறவைத்தாள். அன்னையர் ஞாயிறுக்குப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களுக்குக் கொடுக்க வருடா வருடம் அவள்தான் உலர்பழம் போட்ட சிம்னல் கேக் செய்வாள். அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த சர்க்கரை அது. வாசனை எட்டியிருக்க வேண்டும், எனோக்கின் மேல் ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது.

"ரொம்ப முறுக வெச்சா கல்லாயிரும். அதுங்களால கடிக்க முடியாது."

"நாப்பது பிள்ளைக்குப் பாயசம் கிண்டுறவ நான். ஜன்னலச் சாத்துங்க, சளி பிடிக்கும்."

"வெயில் இல்லாத நாள்ல பெட்டியத் தொறந்திடாத."

"தொறக்கல. மூடியத் தூக்கி மேல்துளையில வெச்சுட்டு மூடிருவேன். போதுமா?"

ஒரு வாரத்தில் பாகு வில்லைகள் காகிதம் மட்டும் மிஞ்சுகிற மாதிரி தீர்ந்துவிட்டன. ஹெஸ்டரின் சர்க்கரை டப்பா காலி. கடையிலும் காலி, சரக்கு லாரிக்குப் பாலம் இன்னும் தாங்கவில்லை. இனி ஒரே வழிதான். ஹெஸ்டர் தன் ஆயுளில் யாரிடமும் ஒரு கைப்பிடி உப்புக்கூட இரவல் கேட்டவள் இல்லை. எனாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தன்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினாள்.

"யாருக்குக் காரியம் ஹெஸ்டர்?" என்றார் மதுக்கடைக்காரர்.

"தேனீ பட்டினி கெடக்கு. சர்க்கரை குடுங்க. சிரிக்கிறத அப்புறம் சிரிச்சுக்கலாம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் கொண்டுவந்தார், ஆனால் டப்பாவோடு கொண்டுவந்து கவிழ்த்தார். தபால்காரனின் மனைவி அரைக் கிண்ணம் கொடுத்தாள். பாதிரியார் வீட்டில் கட்டிச் சர்க்கரைதான் இருந்தது. பையன் முட்டைக்கோஸ் தின்ற கதையை மறந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் இருந்ததையெல்லாம் கணக்குப் பார்க்காமல் கொட்டினார்கள். சிட் கோல்ஸ் பிரிக்காத ஒரு முழுப் பையை அவள் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வாரம் ஊரில் பாதிப் பேர் சர்க்கரையில்லாத டீதான் குடித்தார்கள், குடித்துவிட்டு அவளைத்தான் திட்டினார்கள்.

எனோக்கையும் அவள் விடவில்லை. பெரில் ஊருக்குப் போனதிலிருந்து சூப் கொண்டுபோவது அவள்தான். முதல் நாள் கட்டில் பக்கத்தில் வைத்தாள். அடுத்த நாள் மாடிப்படி முனையில் வைத்தாள். அப்புறம் கீழே அடுப்படி மேஜையில் வைத்துவிட்டு, "அங்க இருக்கு" என்று சத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனோக் கத்தினார், சபித்தார், சூப் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து குடித்தார். மறுநாள் கிண்ணம் வாசற்படிக்கு உள்பக்கம் இருந்த பெஞ்சுக்குப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் ஐந்தாவது பெட்டியின் முனகல் நின்றுவிட்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பாகு வில்லை பாதி அப்படியே இருக்க, தேனீக்கள் கீழே ஈரக் குவியலாகக் கிடந்தன. ஹெஸ்டர் கையில் கொஞ்சம் அள்ளிப் பார்த்துவிட்டு உள்ளே போய் நேராகவே சொன்னாள்.

"ஒண்ணு போச்சு. ஒண்ணு இருக்கு."

எனோக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அதுவும் போயிரும். பெரிலுக்குச் சொல்லிரு, துணிப்பெட்டியக் கட்டிர்றேன்."

"நீங்க கட்டுங்க. நான் அவுக்குறேன். எனக்கு வேற வேலை என்ன இருக்கு?"

"உனக்கென்ன இவ்ளோ வீம்பு? ஏன், ஊர் சிரிக்குதுன்னா?"

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சூப் கிண்ணத்தைக் கழுவினாள். அவளுக்கும் பயம்தான்.

அன்னையர் ஞாயிறு மூட்டமாக விடிந்தது. கோயிலில் பிள்ளைகள் வேலியோரத்தில் பறித்த வயலெட் பூங்கொத்துகளை அம்மாக்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் சர்க்கரை போதாத சிம்னல் கேக்குகளையும் கொடுத்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை. பாதிரியாரின் மகன், அந்த முட்டைக்கோஸ் பையன், ஒரு கொத்தைக் கொண்டுவந்து ஹெஸ்டர் மடியில் போட்டுவிட்டு ஓடிப்போனான். அவளுக்குப் பாட்டிலும் ஜெபத்திலும் மனம் ஓடவில்லை. ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது பெரிலின் கார் வாசலில் நின்றது. எனோக்கின் துணிப்பெட்டி பின் சீட்டில் ஏறியிருந்தது. எனோக் இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். தோட்டத்தில் ஒரு பூச்சி பறக்கவில்லை.

"நான் தோட்டம் முழுக்கப் பாத்துட்டேன் மிசஸ் பாப்ஜாய்" என்றாள் பெரில். "ஒண்ணும் வெளிய வரல. மாமா வரேன்னுட்டார்."

ஹெஸ்டர் பூங்கொத்தைப் பெரில் கையில் கொடுத்தாள். பூந்தொட்டியைப் புரட்டிச் சாவியை எடுத்தாள். "போகட்டும். போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. மிஸ்டர் டக்கெட், வாங்க."

"செத்த கூட்டுக்கு என்னத்தச் சொல்லப் போற?"

"உயிரோட ஒண்ணு இருக்கு. அது இன்னும் நீங்க செத்துட்டதா நெனச்சுட்டிருக்கு. அப்படியே விட்டுட்டுக் காருல ஏறுவீங்களா?"

எனோக் வாசற்படியைப் பார்த்தார். அப்புறம் படி இறங்கினார். அவள் கை கொடுத்தாள், அவர் பிடிக்கவில்லை. பாதி வழியில் கால் தள்ளாடியதும் பிடித்துக்கொண்டார். ஈரப் புல்லில் வழுக்கி வழுக்கி இருவரும் நாலாவது பெட்டியின் முன் வந்து நின்றார்கள். மேகம் கொஞ்சம் விலகி ஓடைப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஹெஸ்டர் சாவியால் மூன்று தட்டு தட்டினாள்.

"நான் ஹெஸ்டர். அன்னிக்குச் சொன்னது தப்பு. உங்க எஜமானர் சாகல. இதோ நிக்கிறார், பாத்துக்கங்க." அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. "ஆனா நான் உங்களப் பாத்துக்குவேன்னு சொன்னேனே, அது தப்பில்ல. அது அப்படியேதான் இருக்கு. உங்களையும் பாத்துக்குவேன், இவரையும் பாத்துக்குவேன்."

எனோக்கின் கண் அவள் மேல் இல்லை, பெட்டியின் வாசல் பலகை மேல் இருந்தது. ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு தேனீ தடுமாறிக்கொண்டு வந்து அதில் இறங்கியது. இவர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் எப்போதோ வெளியே போயிருக்கிறது. அதன் பின்னங்காலில் வில்லோப் பூவின் மஞ்சள் தூள், இரண்டு பக்கமும் அப்பியிருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதன் காலிலும் மஞ்சள்.

"மகரந்தம்" என்றார் எனோக். "உள்ள குஞ்சு இருக்கு. ராணி முட்டை வெச்சிருக்கா. குஞ்சு இல்லன்னா இத எடுத்துட்டு வராது." கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரில், என் துணிப்பெட்டிய எறக்கு."

பெரில் வாசலிலிருந்தே, தேனீக்குப் பயந்து அங்கேயே நின்றுகொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

எனோக் கூட்டில் கட்டியிருந்த கறுப்பு நாடாவை அவிழ்த்தார். எறியவில்லை. மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அத எதுக்கு வெச்சுக்குறீங்க?"

"அடுத்த தடவ நிஜமாப் போகும்போது நீ இன்னொரு பாவாடையக் கிழிக்க வேணாம், ஹெஸ்டர்."

பதினொரு வருடம் கழித்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது. ஹெஸ்டர் சாவியைப் பார்த்தாள், தேனீயைப் பார்த்தாள், அவரைப் பார்க்க மட்டும் முடியவில்லை.

"அடுத்த தடவ நான் மணிய நம்ப மாட்டேன், எனோக். முதல்ல வந்து மூக்குல கை வெச்சுப் பாப்பேன்" என்றாள். "நடங்க, சூப் ஆறுது. இன்னிக்கு என் வீட்டு மேஜையில வெச்சிருக்கேன்."